கள்ளிப்பதி விமான நிலையம்

கள்ளிப்பதி சுப்பாத்தாளுக்கு விமான நிலையம் வைத்து நடத்தும் எண்ணம் ஒருநாளும் இருந்ததில்லை. கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே, தமிழ்நாட்டு எல்லைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், புருசன் விட்டுப்போன மேட்டுக்காட்டில் அவள் கடலை போட்டிருந்தாள். அவ்வளவுதான். அந்த வருசம் மழை ஏமாற்றவில்லை. செடி மண் தெரியாமல் படர்ந்திருந்தது. வானத்திலிருந்து பார்த்தவனுக்கு அது சமதரையாகத் தெரிந்ததற்கு அவள் பொறுப்பில்லை. இதை அவள் பிற்பாடு பல பேரிடம் சொல்ல வேண்டி வந்தது.

நாட்டில் அவசரநிலை நடந்துகொண்டிருந்த இரண்டாவது வருசத்துப் புரட்டாசி. சுப்பாத்தாள் ஒரு செடியைப் பிடுங்கி, காயை உடைத்து, முற்றிவிட்டதா என்று ஓட்டின் உள்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கறுப்பு இப்போதுதான் ஏறத் தொடங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டால் எண்ணெய் பிடிக்கும். அப்போது மேற்கே என்ஜின் சத்தம் கேட்டது. பக்கத்துத் தோட்டத்து ஆயில் என்ஜின் என்று நினைத்து அவள் நிமிரவில்லை. அது இருமியது, மறுபடி இருமியது, நின்றது. டீசல் தீர்ந்துவிட்டது என்று நினைத்தாள். பிறகு அவள் முதுகின்மேல் ஒரு நிழல் போனது.

மஞ்சள் நிறத்தில் ஏதோ ஒன்று இரண்டு பனைகளுக்கு நடுவே நுழைந்து, செடிகளைச் சரசரவென்று அரைத்துக்கொண்டு ஓடி, வரப்பில் சக்கரம் தட்டி, மூக்கைக் குத்தி மல்லாந்து விழுந்தது. காற்று முழுக்கப் பெட்ரோல் வாசம். ஒரு மனுசன் வாரில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தான்.

சுப்பாத்தாள் கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். "உசுரோட இருக்கறீங்களா?"

"இருக்கறனுங்க்கா. வாரை அவுக்க முடியல. தீப்புடிச்சாலும் புடிச்சுக்கும், நீங்க தள்ளிப் போயிருங்க."

அவள் தள்ளிப் போகவில்லை. இடுப்பிலிருந்த கருக்கரிவாளால் வாரை அறுத்தாள். அவன் தோள்பட்டை தரையில் மோத விழுந்தான். காறையெலும்பு முறிந்தது அப்போதுதான். எலும்பை முறித்தது விமானமா, அரிவாளா என்பது பின்னால் தனியாக விசாரிக்கப்பட்டது.

அவனை இழுத்துக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். வலது கையை அசைக்க முடியாமல் இடது கையால் சொம்பை வாங்கிக் குடித்தான்.

"கடலைக்காடுன்னு தெரீலீங்க்கா. மேல இருந்து பார்த்தா மெத்தையாட்ட இருந்துச்சு. என்ஜின் நின்னு போச்சுங்க. வேற எங்கயும் எட்டாதுன்னு இதுல எறக்கிட்டனுங்க."

"மேல எதுக்குப் போனீங்க?"

அவன் காலிச் சொம்பைத் திருப்பிக் கொடுத்தான். அதே கேள்வியை அவன் மனைவி கமலாத்தாள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பதில் கிடைத்ததில்லை.

அவன் பெயர் ஈஸ்வரமூர்த்தி. வேலந்தாவளத்தில் மோட்டார் பம்பு ரிப்பேர் செய்யும் பட்டறை வைத்திருந்தான். போடிமெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் துரை ஊரைக் காலி செய்து போனபோது ஏலத்தில் விட்ட பழைய வோக்ஸ்வேகன் காரை எடுத்துவந்து, காரை விட்டுவிட்டு என்ஜினை மட்டும் வைத்துக்கொண்டான். மரச்சட்டமும், கோயமுத்தூர் மில் துணியும், துணியை விறைக்க வைக்கும் ஒரு மருந்துமாகச் சேர்த்து, பட்டறைக்குப் பின்னால் வருசக்கணக்காக இந்த விமானத்தைக் கட்டினான். பறக்க அனுமதி கேட்டு எழுதியிருந்தான். விண்ணப்பம் பரிசீலனையில் இருப்பதாகவும், பரிசீலனையில் இருப்பதை அனுமதி என்று கொள்ளக்கூடாதெனவும், மறுப்பு என்றும் கொள்ளக்கூடாதெனவும் பதில் வந்தது. மறுப்பு இல்லை என்ற பாதியை அவன் எடுத்துக்கொண்டான்.

மறுநாள் போலீஸ்காரர் சுவக்கீன் வந்து காட்டைச் சுற்றிக் கயிறு கட்டினார். பீர்மேடு எஸ்டேட்டில் தொழிலாளர் லயத்தில் வளர்ந்தவர். மலையை விட்டு இறங்கியதிலிருந்து வெயில் தாங்காமல் தவித்துக்கொண்டிருந்தார்.

"யக்கா, இனி யாரும் உள்ள கால் வைக்கப்படாது. விபத்துப் பரப்பு."

"நான் கடலைக்காய் பறிக்கோணுமே."

"ஆகாய ஆபீஸ்காரங்க வந்து சொல்லுவாங்க. எனக்குக் கயித்தைப் பாத்துக்கிடத்தான் உத்தரவு."

ஆகாய ஆபீஸ் என்று ஊர் சொன்னது தென்மண்டல வான்பயண ஒழுங்கு அலுவலகத்தை. அதன் விசாரணைக் குழு ஒரு வாரம் கழித்து ஜீப்பில் வந்தது. குழுத் தலைவர் வெங்கடேஸ்வரன், பாலக்காட்டுக் கல்பாத்தி அக்ரகாரத்துக்காரர். அவர் சொல்வதை எழுத ஒரு எழுத்தர். வழி தெரிந்தவர் என்பதால் டிரைவரும் குழுவில் இருந்தார்.

வெங்கடேஸ்வரன் கெட்டவரில்லை. சுப்பாத்தாளைக் கைகூப்பிக் கும்பிட்டார். குடை பிடித்துக்கொண்டு கயிற்றை ஒட்டி ஒரு சுற்று நடந்தார். பிறகு கேட்டார்: "இது உங்க இடமாக்கும்?"

"ஆமாங்க."

"விமானம் இறங்கற இடத்துக்குச் சட்டத்தில என்ன பேர், தெரியுமோ?"

"கடலைக்காடுங்க."

"விமான நிலையம். இறங்கறதுக்கோ ஏறறதுக்கோ உபயோகமாற எந்த நிலமும் விமான நிலையமாக்கும். இது உபயோகமாயிடுத்து. விமானம் இதோ கிடக்கு. ஆகக்கூடி நீங்க லைசென்ஸ் இல்லாம ஒரு விமான நிலையத்தை நடத்திண்டிருக்கேள்."

"நான் நடத்தலீங்க. அது வந்து உழுந்துச்சு."

"விழுந்துதுன்னு சொல்லப்படாது. இறங்கித்து. விழுந்திருந்தா நிரப்பற பாரமே வேற."

சுப்பாத்தாள் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அப்ப இந்த நிலையம் எனக்கு வேண்டாமுங்க. மூடிப்போடுங்க. நான் கடலைக்காயைப் பறிச்சுக்கறேன்."

"தாராளமா மூடலாம். ஆனா லைசென்ஸ் உள்ள நிலையத்தைத்தான் மூட முடியும். இல்லாததை எப்படி மூடறது? முதல்ல லைசென்ஸ் எடுங்கோ. அப்புறம் மூட விண்ணப்பம் குடுங்கோ. அதுவரைக்கும் ஓடுதளத்தில விவசாயம் பண்ணப்படாது."

லைசென்ஸுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுத்தர் வாசித்தார். காற்றின் திசை காட்டும் துணிக்குழாய் ஒன்று கம்பத்தில் பறக்க வேண்டும். தீயணைக்கும் சிவப்பு வாளிகள் மணலோடு தொங்க வேண்டும். வழியில் நிற்கும் பனைகளின் தலையில் சிவப்புச் சாயம் பூச வேண்டும். ஆடுமாடு நுழையக்கூடாது.

"காத்து எக்கட்ட அடிக்குதுன்னு செடியைப் பார்த்தாலே தெரியுமுங்களே."

"செடிக்கு அங்கீகாரம் கிடையாது" என்றார் வெங்கடேஸ்வரன்.

சுப்பாத்தாள் இரண்டு தலையணை உறைகளைச் சேர்த்துத் தைத்து மூங்கிலில் கட்டினாள். கன்றுக்குத் தண்ணீர் காட்டும் வாளிக்குச் சிவப்புப் பூசினாள். கன்று அதற்கப்புறம் அதில் வாய் வைக்கவில்லை. மரமேறி பெரியமுத்து பனையேறிச் சாயம் பூசிவிட்டு வந்து, இத்தனை வருசத்தில் பனைக்குப் பொட்டு வைத்தது இதுதான் முதல் தடவை என்றான். வேலையெல்லாம் முடிந்தபிறகு வில்லேஜ் ஆபீசர் வந்து பார்வையிட்டு, எல்லாம் முறைப்படி இருப்பதாகவும், ஓடுதளத்தில் கடலைச்செடி இருப்பது ஒன்றுதான் குறை என்றும் எழுதினார்.

"அதைத்தானுங்க பறிக்கறேங்கறேன்" என்றாள் சுப்பாத்தாள்.

"பறிக்கான் பாடில்ல. விசாரணை கழியட்டும்" என்று மலையாளத்தில் தடுத்தார் வில்லேஜ் ஆபீசர்.

விசாரணை ஊர்ப் பள்ளிக்கூடத்தில் நடந்தது. பிள்ளைகளுக்கு விடுமுறை விட்டு, அவர்கள் பெஞ்சுகளில் ஊரார் முழங்காலை மடக்கி உட்கார்ந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டபடி நின்றான். என்ன நடந்தது என்று சொல்லச் சொன்னார்கள்.

"என்ஜின் நின்னு போச்சுங்க. அதனால அவசரமா எறங்கிட்டனுங்க."

எழுத்தரின் பேனா நின்றது. வெங்கடேஸ்வரன் குரலைத் தாழ்த்தினார்.

"அந்த வார்த்தையை யோசிச்சு உபயோகிக்கணும். இப்போ நாட்டில ஒரு அவசரந்தான் இருக்கு. அதை அறிவிக்க வேண்டியவா அறிவிச்சாச்சு. தனிப்பட்ட ஆசாமிகள் அவாவா இஷ்டத்துக்கு அவசரம் அறிவிக்கப்படாது."

"சரிங்க. நிதானமா எறங்குனனுங்க."

"நிதானமான்னா இஷ்டப்பட்டு இறங்கினதா ஆகும். அடுத்தவா நிலத்தில இஷ்டப்பட்டு இறங்கறது குத்தம்."

"பின்ன எப்படிங்க சொல்லட்டும்?"

"அதை நீர்தான் சொல்லணும். நான் சொல்லிக்குடுத்தா சாட்சியைக் கலைச்சதாயிடும்."

ஈஸ்வரமூர்த்தி வெகுநேரம் யோசித்துவிட்டு, "எறங்குனனுங்க" என்று மட்டும் சொன்னான். எழுத்தர் நிம்மதியாக எழுதிக்கொண்டார்.

அடுத்து என்ஜின். அதைக் கழற்றிப் பள்ளிக்கூட முற்றத்தில் ஒரு சட்டத்தில் ஏற்றியிருந்தார்கள். ஈஸ்வரமூர்த்தி ஒற்றைக் கையால் சுழற்றினான். முதல் சுழற்சியிலேயே பிடித்துக்கொண்டு, கூடியிருந்தவர்கள் காதைப் பொத்தும்படி ஓடியது. அவன் அதை ஏக்கத்தோடும் வருத்தத்தோடும் பார்த்தான்.

"ஓடற என்ஜினை நின்னுபோன என்ஜின்னு நான் எப்படி ஒப்புக்கறது?" என்று கேட்டார் வெங்கடேஸ்வரன்.

"எனக்கும் வெளங்கலீங்க. ஈரக்காத்து உள்ள போனா, சில சமயம் கார்புரேட்டருக்குள்ள பனி கட்டி அடைச்சுக்கும்னு ஒரு புஸ்தகத்துல போட்டிருந்துச்சு. அதுவா இருந்தாலும் இருக்கும். நிச்சயமாத் தெரீலீங்க."

"பாலக்காட்டில பனிக்கட்டி."

"அப்படித்தான் போட்டிருந்துச்சுங்க."

"சரி. அந்தப் பனிக்கட்டி எங்கே?"

"உருகிப் போயிருக்குமுங்க."

வெங்கடேஸ்வரன் எழுத்தர் பக்கம் திரும்பினார். "சாட்சியத்தை உருக விட்டதா எழுதிக்கும்."

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குழு தன் முடிவைச் சொன்னது. நடந்தது என்ன என்பதை ஊகமாக எழுத அலுவலகத்துக்கு வழியில்லை. ஆகவே நடந்ததை மறுபடி நடத்திக் காட்ட வேண்டும். அதே விமானத்தைப் பழையபடி சரிசெய்து, அதே இடத்திலிருந்து கிளம்பி, அதே உயரத்தில் வந்து, அதே பனைகளுக்குமேல் என்ஜின் நிற்க, அதே கடலைக்காட்டில் இறங்க வேண்டும்.

"என்ஜினை நான் நிறுத்தோணுங்களா?"

"நீர் நிறுத்தினா மோசடி. அது தானா நிக்கணும்."

"நிக்கலீன்னா?"

"அப்போ அன்னிக்கும் நிக்கலைங்கறது தெளிவாயிடும். பொய்ச்சாட்சி, அத்துமீறி இறங்கினது, ரெண்டுக்கும் சேர்த்து நடவடிக்கை."

"நின்னுச்சுன்னா?"

"நின்னா உம்ம பேர்ல ஒரு குத்தமும் இல்லை. நிரபராதி."

"நான் செத்துப் போயிட்டன்னாங்க?"

"அப்பவும் நிரபராதிதான்."

கூட்டத்தில் யாரும் சிரிக்கவில்லை. வெங்கடேஸ்வரனுக்கே ஏதோ சங்கடமாக இருந்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, இதமாகவே சொன்னார்: "மனசிலாக்கணும். உம்ம பேர்ல எனக்கு ஒரு விரோதமும் இல்லை. உள்ளதைச் சொன்னா, நீர் பிழைச்சதாக்கும் இதில சிக்கல். இருபது வருஷ சர்வீசில நான் பார்த்த கேசெல்லாம் ஒரே பக்கத்தில முடிஞ்சிருக்கு. ஓட்டினவன் தப்புன்னு எழுதுவோம், அவனும் மறுப்பு சொல்ல மாட்டான். நீர் பேசறீர். பேசினா எழுத வேண்டியிருக்கு. எழுதினா நிரூபிக்க வேண்டியிருக்கு."

"ஐயா எப்பவாச்சும் விமானத்துல ஏறியிருக்கறீங்களா?" என்று பின்பெஞ்சிலிருந்து பழனாத்தாள் கேட்டாள். அவள் சுப்பாத்தாளின் பக்கத்துக் காட்டுக்காரி.

"இல்லை" என்றார் அவர். "ஏறினா பாரபட்சம் வந்துடும்."

சுப்பாத்தாள் எழுந்தாள். "எம்பட கடலைக்காய்ங்க?"

"அன்னிக்குச் செடி நின்னுது. மறுபடி இறங்கறபோதும் செடி நிக்கணும். ஒரு செடி குறைஞ்சாலும் பரீட்சை செல்லாது."

விமானத்தை மாட்டுவண்டியில் ஏற்றி வேலந்தாவளத்துக்குக் கொண்டுபோனார்கள். கயிறு மட்டும் இருந்தது. சுவக்கீன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, விமானமில்லாத விபத்துப் பரப்பைக் காவல் காத்தார். ஈஸ்வரமூர்த்தி மூக்கில் உடைந்துபோன விசிறிக்குப் பதில் வேறொன்று செதுக்கினான், கிழிந்த துணியை ஒட்டினான். எலும்பு கூடியதே தவிர கை தோளுக்குமேல் எழவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்தது. கடலைக்காய் முற்றி, பறிக்கும் பதம் தாண்டியிருந்தது. முற்றிய காய் ஈரமண்ணில் கிடந்தால் என்ன ஆகும் என்பது கள்ளிப்பதியில் குழந்தைக்கும் தெரியும். சுப்பாத்தாள் தினமும் கயிற்றுக்கு வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். ஒருநாள் மழை விட்ட நேரத்தில் குனிந்து, கயிற்றுக்கு அடியில் கைநீட்டி ஒரு செடியைப் பிடுங்கினாள். பாதிக் காய்களில் வெள்ளை முளை எட்டிப் பார்த்தது.

சுவக்கீன் பனையின் உச்சியைப் பார்த்துக்கொண்டு, "நான் ஒண்ணும் பாக்கல யக்கா" என்றார்.

அவள் அந்தச் செடியை வீட்டுக்கு எடுத்துவந்து, முளைத்ததை ஒரு பக்கமும் முளைக்காததை ஒரு பக்கமுமாக ஆய்ந்தாள். வருசச் சாப்பாடு அந்தக் காட்டில்தான் இருந்தது. அடுத்த வாரம் குழு வந்து, ஈஸ்வரமூர்த்தி பறந்து இறங்கிவிட்டால் கயிறு போய்விடும். மீதியாவது மிஞ்சும். அவன் சீக்கிரம் பறக்க வேண்டும் என்று அவள் அன்று மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள்.

அதற்கு மறுநாள் கமலாத்தாள் வந்தாள். பஸ்ஸில் வந்து இறங்கி, விமானம் இறங்கின காட்டுக்காரி வீடு எது என்று விசாரித்து வந்திருந்தாள். தண்ணீர் கொடுத்ததை வாங்கிக் கீழே வைத்தாள், குடிக்கவில்லை.

"ஏனுங்க்கா, என்ற ஊட்டுக்காரரை மேல ஏத்தி உட்றாதீங்க."

"நான் எங்க சாமி ஏத்தறேன். ஆபீசுக்காரங்க ஏத்தறாங்க."

"அவுங்களுக்குப் பயந்து ஏறலீங்க்கா. ஜெயில்ல போட்டாக்கூட போறேன், கெழவனாகி வந்தர்றேன்னு சிரிக்கறாரு. உங்க வெள்ளாமைக்காகத்தான் ஏறப்போறாராமா. 'அந்தக்கா தீப்புடிக்குமுன்னு தெரிஞ்சும் நவுராம நின்னு வாரை அறுத்துச்சு, அதோட காடு என்னால முளைச்சுப் போகுது, நான் ஏறி எறங்கிட்டா கயித்தை எடுத்துருவாங்க'ங்கறாரு. வலது கையில சட்டை மாட்ட முடியல. நான்தான் மாட்டி உடறேன். அந்தக் கையில எப்படிங்க்கா புடிச்சு எறக்குவாரு?"

சுப்பாத்தாளுக்கு முந்தின நாள் வேண்டுதல் நினைவுக்கு வந்தது.

"எம்பட கடலைக்காய்க்காகவா ஏறறாரு?"

"அப்படித்தான் சொல்றாரு. கடலைக்காய் இல்லீன்னா வேற ஒண்ணு சொல்லுவாரா இருக்கும். ஆனா இப்ப இதத்தான் சொல்றாரு."

கமலாத்தாள் பஸ் ஏறிப் போனபிறகு சுப்பாத்தாள் பழனாத்தாள் வீட்டுக்குப் போனாள். என்ன செய்யப்போகிறாள் என்பதைக் கேட்டுவிட்டு, "முளைச்சதைப் பறிச்சு என்ன பண்ணுவே? ஜெயிலுக்கும் போயி, காய்க்கும் ஆகாம" என்றாள் பழனாத்தாள்.

"காய்க்காகப் பறிக்கல."

"பின்ன?"

"செடி நின்னாத்தானே அவன் எறங்கோணும்."

பரீட்சை நாளன்று விடிந்ததும், தெருவிலுள்ள பெண்களைக் கூட்டிக்கொண்டு பழனாத்தாளும் வந்தாள். யாரும் கயிற்றைத் தொடவில்லை. குனிந்து அடியில் நுழைந்தார்கள். ஈரமண்ணாதலால் செடி கையோடு வந்தது. சுவக்கீன் எழுந்து நின்றார், தொப்பியை வைத்தார், எடுத்தார். பிறகு கயிற்றைச் சுற்றி நடந்து, முடிச்சுகள் சரியாக இருக்கின்றனவா என்று ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தார். கயிற்றுக்கு ஒரு சேதமும் நேரவில்லை என்று அன்று சாயந்திரம் அவர் எழுதிக்கொடுத்தது முழுக்க உண்மை.

குழு வந்து சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது. பின்னாலேயே ஒரு லாரியில் பந்தல், நாற்காலிகள், டீ பாய்லர், முதலுதவிப் பெட்டி, ஒரு ஸ்ட்ரெச்சர். வெங்கடேஸ்வரன் ஜீப்பிலிருந்து ஒரு காலை இறக்கியவர் மற்றதை இறக்க மறந்தார். பச்சை இருந்த இடத்தில் கிளறிப்போட்ட செம்மண். செடிகள் வரப்போரம் குவிந்து கிடந்தன. தலையணை உறை மட்டும் கம்பத்தில் காற்று பிடித்து நின்றது.

"இதென்னது?"

"கடலைக்காய் பறிச்சுட்டனுங்க" என்றாள் சுப்பாத்தாள்.

"ஓடுதளத்தைக் குத்திக் கிளறியிருக்கேள். இதில யார் இறங்க முடியும்?"

"யாரும் முடியாதுங்க."

"எல்லாம் ஏற்பாடு பண்ணியாச்சே. ஸ்ட்ரெச்சர்கூடக் கொண்டுவந்தாச்சு." அவர் குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகமிருந்தது. கல்யாணம் நின்றுபோன பெண்ணின் தகப்பனைப்போல நாற்காலிகளைப் பார்த்தார். பிறகு ஒரு வழி தோன்றியவராக, "சாரமில்லை, போகட்டும். பிடுங்கினதைத் திரும்ப நட்டுடுங்கோ. பழைய ஸ்திதிக்கு வந்தா போறும்" என்றார்.

"நடலாமுங்க" என்றாள் சுப்பாத்தாள். "எல்லாம் முளைச்சுத்தான் இருக்குது. ஆனா அன்னிக்கு இருந்த ஒசரம் வர வேற மழை வேணும்."

அவர் எழுத்தரோடு கலந்து பேசினார். பரீட்சை அடுத்த வருசப் புரட்டாசிக்குத் தள்ளிவைக்கப்பட்டது. விமான நிலையச் சொத்தைச் சேதப்படுத்தியதற்காகச் சுப்பாத்தாளைக் கூட்டிப்போகும்படி சுவக்கீனுக்கு உத்தரவாயிற்று.

இது எதுவும் ஈஸ்வரமூர்த்திக்குத் தெரியாது. வேலந்தாவளத்தில், பட்டறைக்குப் பின்னாலுள்ள தரிசில், குறித்த நேரத்துக்கு முன்னாடியே விமானத்தில் ஏறி உட்கார்ந்திருந்தான். கமலாத்தாள்தான் வாரைப் பூட்டிவிட்டாள். என்ஜினை ஓடவிட்டு, கிளம்பலாம் என்று சொல்ல வரவேண்டிய ஜீப்புக்காகக் காத்திருந்தான். இரவெல்லாம் பெய்த மழையில் தரை ஆவி விட்டுக்கொண்டிருந்தது. ஜீப் வரவில்லை. இனிமேல் வராது, நாமே கிளம்பிவிடலாம் என்று அவன் கைப்பிடிக்குக் கையை நீட்டியபோது என்ஜின் குலுங்கியது, பெருமூச்சு விடுவதுபோல் இழுத்தது, நின்றுவிட்டது.

அவன் எதையும் தொட்டிருக்கவில்லை. விசிறி ஆடி அடங்குவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். கமலாத்தாள் ஓடிவந்தாள்.

"கெளம்பியிருந்தா இந்நேரம் பனைக்கு மேல இருந்திருப்பேன் கமலா."

அவள் வாரை அவிழ்த்தாள்.

இருவரும் பஸ் பிடித்துக் கள்ளிப்பதிக்கு வந்தபோது பந்தலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சுப்பாத்தாள் ஜீப்பின் பின்னால் உட்கார்ந்திருந்தாள். ஈஸ்வரமூர்த்தி வெங்கடேஸ்வரனிடம் ஓடினான்.

"ஐயா, என்ஜின் நின்னு போச்சுங்க. இப்பத்தான். தானாவே. என்ற சம்சாரம் பார்த்துச்சுங்க."

வெங்கடேஸ்வரன் எழுத்தரிடமிருந்து ஆவலாகப் பேனாவை வாங்கினார். "எத்தனை உயரத்தில?"

"தரையிலீங்க. கெளம்பறதுக்கு முன்னாடி."

அவர் பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "தரையில நின்னா அது எங்க அதிகாரத்தில வராது. மோட்டார் வாகனத்துக்காரா பார்க்கணும்." பிறகு, போகிறவரை வழியனுப்பும் மரியாதையோடு, "உடம்பைப் பார்த்துக்கும். அடுத்த வருஷம் நீர் இருக்கணும்" என்றார்.

ஜீப் கிளம்புமுன் சுப்பாத்தாள் கமலாத்தாளைக் கிட்டே கூப்பிட்டாள். "மாட்டைப் பழனாத்தா பார்த்துக்குவா. நீ அந்தச் செடியில முளைக்காத காயா ஆஞ்சு வெயில்ல போடு கண்ணு. மழை வந்தா உள்ள அள்ளிப்போடு. ஊடு தொறந்துதான் கெடக்குது."

ஸ்டேஷனில் எந்தச் சட்டத்தின் கீழ் வைப்பது என்று யாருக்கும் தெரியவில்லை. விமான நிலையத்தைச் சேதப்படுத்தியவர்கள் இதற்குமுன் அங்கே வந்ததில்லை. கடலைக்காய் பறித்தது என்று எழுதினால் அது குற்றமாகத் தோன்றவில்லை. சதிவேலை என்று எழுதினால் அவளை மேலே அனுப்ப வேண்டும், மேலே போனால் திரும்பி வருவது எப்போது என்று சொல்ல முடியாது. இன்ஸ்பெக்டர் பதிவேட்டைத் திறந்து, ஒன்றும் எழுதாமலே மூடி வைத்தார். இரவு முழுக்கப் பெஞ்சில் உட்கார்த்தி வைத்தார்கள். விட்டுவிடுவார்களா, ஏற்றி அனுப்புவார்களா என்று தெரியாமல், சுவரில் சாய்ந்தபடி அவள் கண்மூடாமல் இருந்தாள். மறுநாள் மத்தியானம் சுவக்கீன் வந்து, "யக்கா, இங்க இருந்து போயிருங்க. யாராச்சும் கேட்டா நீங்க வரவே இல்ல" என்றார். பஸ்ஸுக்கு அவரே சில்லறை கொடுத்தார்.

அவள் வந்து சேர்ந்தபோது வாசல் முழுக்கக் கடலைக்காய் காய்ந்துகொண்டிருந்தது. நினைத்ததைவிட அதிகம், தேவையைவிட ரொம்பக் குறைவு. முளைத்தது தனியாகக் குவிந்து கிடந்தது. ஈஸ்வரமூர்த்தி இடது கையால் செடியை உதறி உதறி ஆய்ந்துகொண்டிருந்தான். கமலாத்தாள் அவனுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சுளகில் புடைத்துக்கொண்டிருந்தாள். இருவரும் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை என்று தெரிந்தது.

சுப்பாத்தாள் கால் கழுவிக்கொண்டு வந்து அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு கைப்பிடி செடியை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். காய் ஆயத் தொடங்கினாள்.

"ஏந் தம்பி, மறுபடியும் மேல போவீங்களா?" என்று அவள் கேட்டாள்.

அவன் வாயைத் திறந்தான்.

"அவரைக் கேக்காதீங்க்கா" என்றாள் கமலாத்தாள், புடைப்பதை நிறுத்தாமல். "பொய் சொல்லுவாரு."